பழைய காரின் எஞ்சினுக்குக் குறைந்த செலவில் வலு ஏற்றுவது எப்படி: முதலில் அளங்கள், அப்புறம் வாங்குங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு மேட்டில் இந்த ஆசை வந்துவிடும். வண்டி அழகாக இருக்கிறது, ஓட்டவும் சுகம்தான், இழுவை மட்டும் இன்னும் கொஞ்சம் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கையில் சேர்த்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் கொடுத்துப் பெரிய கார்புரேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். வண்டி முன்பைவிட மந்தமாகிவிட்டது. மூன்று வாரம், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் வந்து பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை வைத்துப் பார்த்தார். நான்கில் மூன்று சிலிண்டர்களில் 145 முதல் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரை. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 90. எக்சாஸ்ட் வால்வின் ஓரம் எரிந்துபோயிருந்தது. வால்வே மூடாத எஞ்சினுக்கு எந்த கார்புரேட்டர் மாட்டி என்ன பயன்?

அந்தச் சோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதை முதல் நாளே செய்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். நீங்களாவது சரியான வரிசையில் போக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல், காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் கார்புரேட்டர் எஞ்சின்களுக்கானது இது.

1. காகிதங்களைச் சேருங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நான்கு காகிதங்கள் வேண்டும். முதலாவது, உங்கள் எஞ்சினுக்கான பட்டறைக் கையேடு, அதாவது வொர்க்‌ஷாப் மேனுவல். அதே மாடலில் இரண்டு மூன்று எஞ்சின் வகை வந்திருக்கும். பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, உங்களுடையது எது என்று உறுதி செய்த பிறகு கையேட்டை வாங்குங்கள். வால்வ் இடைவெளி, போல்ட் இறுக்கும் அளவு, டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் தருணம்) எல்லாமே வகைக்கு வகை மாறும்.

இரண்டாவது, வண்டியின் பதிவுச் சான்று. அதில் உள்ள எஞ்சின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எப்போதோ யாரோ எஞ்சினையே மாற்றியிருப்பார்கள். எண் பொருந்தவில்லை என்றால் முதலில் அதை நேர்செய்யுங்கள். எல்லா வேலையும் முடிந்து விற்கப் போகும்போது அது தெரியவந்தால் போட்ட பணம் எடுபடாது.

மூன்றாவது இன்ஷூரன்ஸ் பத்திரம். எஞ்சினில் மாற்றம் செய்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று படியுங்கள். புகைச் சோதனை விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவது ஒரு சாதாரண நோட்டு. இனி அளக்கும் ஒவ்வொரு எண்ணையும் தேதியோடு அதில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து “முன்பு எவ்வளவு இருந்தது?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்போது இந்த நோட்டு இல்லாவிட்டால் பதில் சொல்ல வழியில்லை.

2. பணத்தை நூறு பங்காகப் பிரியுங்கள்

கையில் எவ்வளவு இருந்தாலும் அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30-ஐ எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அது இல்லவே இல்லை என்று நினைத்துத் திட்டமிடுங்கள். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றியதும் தெரியப்போகும் விரிசலுக்கும் துருப்பிடித்த போல்ட்டுக்கும் தேய்ந்த வால்வ் கைடுக்கும் உள்ள பணம் அது. மீதி 70-இல் என் பங்கீடு இப்படி: எஞ்சினின் ஆரோக்கியத்துக்கும் இக்னிஷனுக்கும் 20, ஹெட் வேலைக்கு 30, எக்சாஸ்டுக்கும் காற்று வழிக்கும் 10, கடைசி டியூனிங்குக்கு 10. புது கார்புரேட்டர் இந்தக் கணக்கில் இல்லை. பலருக்கு அது தேவைப்படாது.

பிரேக்கும் டயரும் இந்த நூறுக்கு வெளியே. அவை சரியில்லாத வண்டியில் வலு ஏற்றாதீர்கள்.

3. எஞ்சின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். கம்ப்ரெஷன் கேஜ், ஃபீலர் கேஜ், டைமிங் லைட் மூன்றும் வேண்டும். இரவலாகக் கிடைத்தாலும் போதும்.

எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் வயரைப் பிரித்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜை வைத்து ஐந்தாறு சுற்று செல்ஃப் அடியுங்கள். பலர் ஆக்சிலேட்டரை மிதிக்க மறந்துவிடுகிறார்கள். மிதிக்காவிட்டால் காற்று போதாமல் எல்லா எண்ணும் குறைவாகவே காட்டும், நல்ல எஞ்சினையும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அப்படித்தான்.

மிக அதிகமான எண்ணுக்கும் மிகக் குறைவான எண்ணுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டோ. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஆயில் அழுத்தம். எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய பட்டறைக் கணக்கு. 3,000 சுற்றில் 30 இருந்தால் கவலையில்லை. கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி. அழுத்தம் மிகவும் குறைவாக இருந்து, அடியிலிருந்து ‘தட தட’ சத்தமும் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் இந்தத் திட்டத்தை இங்கேயே நிறுத்தி, பணம் முழுவதையும் எஞ்சினின் அடிப்பாகத்துக்கே செலவழியுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தேய்ந்த பேரிங்கின் மேல் வலு ஏற்றினால் பிஸ்டனைத் தாங்கும் ராடு பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

4. இருப்பதைச் சரிப்படுத்துங்கள்

முப்பது நாற்பது வருடம் ஓடிய எஞ்சினில், தொழிற்சாலை கொடுத்த வலுவே பாதி வழியில் தொலைந்திருக்கும். அதைத் திரும்பப் பிடிப்பதுதான் மிக மலிவான வேலை.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, வேறொருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டருக்குள் எட்டிப் பாருங்கள். த்ராட்டில் தகடு நேராக நிற்கிறதா? கேபிள் தளர்ந்தோ கீழே விரிப்பு தடுத்தோ முக்கால் பங்கே திறக்கும் வண்டிகள் நிறைய உண்டு. என் வண்டியிலும் தகடு முழுதாகத் திறக்கவில்லை.

அப்புறம் இக்னிஷன். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சுவிட்ச்) இடைவெளியைச் சரிசெய்து டைமிங் லைட்டை அடியுங்கள். சுற்று ஏற ஏற, புல்லியில் உள்ள குறி தடங்கலின்றி முன்னேற வேண்டும். விட்டுவிட்டு நகர்ந்தாலோ அசையாமல் நின்றாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்ப்ரிங்குகளும் துருப்பிடித்திருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னேற்றும் வாக்யூம் அட்வான்ஸின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். தட்டு அசைய வேண்டும், உறிஞ்சியது அப்படியே நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. சுழலும் தண்டே ஆட்டம் கொடுத்தால், மின்னணு இக்னிஷன் கிட் போடுவது நல்ல முதலீடு. தண்டு ஆடாமல் இருந்தால் பாயிண்டே போதும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில எஞ்சின்களில் கிராங்க் புல்லியின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருக்கும். வயதான ரப்பர் நழுவினால் வளையமும் நகரும், டைமிங் குறி இடம் மாறிவிடும். முதல் பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் நிற்கும்போது குறி பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். இதைப் பார்க்காமல் டைமிங் வைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குத் தவறு நடக்கலாம்.

கார்புரேட்டரில் த்ராட்டில் தண்டு தேய்ந்து ஓரத்தில் காற்று கசிவது சகஜம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினாலே தெரியும். தண்டு சுழலும் புஷ் என்ற உள்வளையத்தைப் புதிதாகப் போட்டுக் கழுவி, ரிப்பேர் கிட் மாட்டுவது புது கார்புரேட்டர் விலையில் சிறு பங்குதான். பெட்ரோல் குழாய்களையும் அப்படியே மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்து அதில் வெடிப்பு விழச் செய்யும். சூடான எக்சாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரேடியேட்டரைக் கழுவுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் தேய்மானம் அதிகம், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு மாதம் வண்டியை ஓட்டிப் பாருங்கள். ‘இதுவே போதும்’ என்று தோன்றினால் மீதிப் பணம் உங்களுக்கே.

5. ஹெட் வேலை

இங்கேதான் உண்மையான ஆதாயம் இருக்கிறது. தவறு நடப்பதும் இங்கேதான். காலத்தையும் தாராளமாகக் கணக்கிடுங்கள். கழற்ற ஒரு நாள், மாட்ட இரண்டு நாள் ஆகும். இடையில் மெஷின் பட்டறையில் அது எத்தனை நாள் காத்திருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எனக்கு ஐந்து வாரம் ஆனது. அன்றாடம் ஓட்ட வேறு வண்டி இல்லாவிட்டால் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

கழற்றிய ஹெட்டை முதலில் விரிசல் சோதனைக்குக் கொடுங்கள். அது தேறிய பிறகுதான் மற்ற வேலைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வால்வ் கைடும் (வால்வ் தண்டு நகரும் குழல்) சீட்டும் (வால்வ் மூடி அமரும் இடம்) புதுப்பித்து, விரிசலைக் கடைசியில் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து இரும்பு ஹெட்டுகள் பலவற்றில் வால்வ் சீட் தனியாக இருக்காது. ஹெட்டின் இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். ஈயம் அந்த இடத்தில் மெத்தைபோல் இருந்து காத்தது. ஈயமில்லாத பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் எக்சாஸ்ட் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் புதையும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எக்சாஸ்ட் வால்வ் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். ஹெட் கையில் இருக்கும்போதே எக்சாஸ்டுக்குக் கடினமான சீட் வளையங்கள் போடச் சொல்லுங்கள். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டச் சொல்வதும் முக்கியம். காற்று வளைந்து போவது எளிதாகும். செலவு சிறிதுதான், பலன் நிச்சயம்.

ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்டைக் குடைவதில் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். சீட் வளையத்துக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்தில் வார்ப்பின் விளிம்பு படிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். விரலை விட்டுத் தடவினால் நகத்தில் தட்டுப்படும். அந்தப் படியைச் சரிவாக்கி, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் துளைகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பளபளவென்று மெருகேற்றவோ வழியை அகலமாக்கவோ வேண்டாம். வழி அகன்றால் காற்றின் வேகம் குறையும், கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். இன்னும் கொஞ்சம் குடைந்தால் தண்ணீர் அறைக்குள் ஓட்டை விழும். அதோடு ஹெட்டே வீண்.

6. எவ்வளவு சீவுவது என்ற கணக்கு

ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் எரி அறை சிறியதாகும், அழுத்த விகிதம் ஏறும். பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள மொத்த இடம், உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் அந்த விகிதம். எவ்வளவு சீவ வேண்டும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது.

1,600 சி.சி., நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 400 சி.சி. விகிதம் 8.5 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 400-ஐ 7.5-ஆல் வகுத்தால் வரும் 53.3 சி.சி. விகிதம் 9.5 ஆக வேண்டுமானால் 400-ஐ 8.5-ஆல் வகுக்க வேண்டும், 47.1 சி.சி. ஆக, ஒவ்வொரு அறையிலும் 6.2 சி.சி. குறைய வேண்டும். அறையின் வாய் 45 சதுர சென்டிமீட்டர் என்றால் சீவ வேண்டியது சுமார் 1.4 மில்லிமீட்டர். உங்கள் அறையின் கொள்ளளவை அளக்க, மேலே துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்டிலிருந்து நிறம் கலந்த நீரை விடுங்கள். மூலையில் ஒட்டிய குமிழி மெதுவாக நகர்ந்து துளைவழி வெளியேறிய பிறகு எண்ணைப் படியுங்கள். கேஸ்கெட்டின் தடிமனும் பிஸ்டன் உச்சியின் வடிவமும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? 8.5-லிருந்து 9.5-க்கு ஏற்றினால் ஏட்டுக் கணக்கின்படி திறன் சுமார் 3 சதவீதம் கூடும். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அது எல்லாச் சுற்றிலும், எப்போதும் கிடைக்கும். பழைய வடிவ இரும்பு ஹெட்டில் 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு நான் 9.5-ஐத் தாண்ட மாட்டேன். அதற்கு மேல் போனால், கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் பயத்தில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிவரும், கிடைத்தது கைவிட்டுப் போகும்.

பட்டறைக்கு அளவை எழுதிக் கொடுங்கள். “கொஞ்சம் எடுங்க” என்று நான் வாயால் சொன்னேன். தேவைக்கு மேல் சீவி வந்துவிட்டது. தடிமனான கேஸ்கெட் தேடியதில் இரண்டு மாதம் போனது. முதலில் தட்டையாகும் அளவுக்கு மட்டும் ஃபேஸிங் செய்யச் சொல்லி, அப்போது அறையை அளந்து, இரண்டாம் முறையாக மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். கூலி சற்றே கூடும், ஹெட் தப்பிக்கும்.

இன்னொன்று: ஹெட் தாழ்ந்தால், கீழிருந்து கம்பிவழி வால்வைத் தள்ளும் புஷ்ராடு எஞ்சினில் ராக்கர் நிற்கும் கோணம் மாறும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே இருக்கும் எஞ்சினில் கேம் டைமிங் பின்தங்கும். இரண்டையும் மாட்டும்போது சரிக்கட்ட வேண்டும்.

7. கேம் ஷாஃப்ட், எக்சாஸ்ட், கார்புரேட்டர்

வேகமான கேம் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது வலுவை மேல்சுற்றுக்கு நகர்த்தும் என்பதை மனதில் வையுங்கள். ஐடிலிங் தள்ளாடும், வாக்யூம் குறைவதால் பிரேக் பூஸ்டரும் பலவீனமாகும். சாலையில் ஓட்ட மிதமான கேம் போதும். புது கேம் போட்டால், அதன் மேல் உரசும் டாப்பெட்டுகளும் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய டாப்பெட் புது கேமைச் சில நிமிடங்களிலேயே தின்றுவிடும். கேமோடு வரும் டைமிங் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

எக்சாஸ்டில் நல்ல மேனிஃபோல்டு உதவும். குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்ற நினைப்பு தவறு. கார்புரேட்டருக்கும் அதே கதைதான். 1,600 சி.சி. எஞ்சின் 6,000 சுற்றில் முழுதாக நிரம்பினால்கூட நிமிடத்துக்கு 4,800 லிட்டர் காற்றுதான் இழுக்கும். அதற்குத் தேவையானதைவிட விட்டம் கூடிய தொண்டை, கீழ்ச்சுற்றில் பெட்ரோலைச் சரியாகத் தூவாது. நான் முதலில் வாங்கிய கார்புரேட்டரை இரண்டு அளவு சிறிய வென்ச்சுரி (தொண்டை வளையம்) போட்ட பிறகே ஒழுங்காக ஓட்ட முடிந்தது.

8. மாட்டும் நாள்

பிளாக்கில் அடிமூடிய போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திரவம் சுருங்காது. போல்ட்டை இறுக்கும்போது அது துளையின் சுவரைப் பிளந்துவிடும். பழந்துணியை முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள்.

கேமையோ ஹெட்டையோ மாற்றியிருந்தால், பிஸ்டன் மேல் களிமண் உருண்டை வைத்துப் பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் பலவந்தம் வேண்டாம். கழற்றிக் களிமண்ணை வெட்டி அளங்கள். இன்லெட் பக்கம் குறைந்தது 2 மில்லிமீட்டரும் எக்சாஸ்ட் பக்கம் குறைந்தது 2.5 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். பிறகு புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், மூன்று கட்டமாக டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

9. முதல் ஸ்டார்ட், டியூனிங்

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் அழுத்தம் வருவதைப் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். புது கேம் என்றால், துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆன உடனே 2,000 முதல் 2,500 சுற்றில் 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐடிலிங்கில் விடக் கூடாது. அதற்காக டைமிங்கையும் பெட்ரோலையும் முன்கூட்டியே சரிபார்த்து, முதல் அடியிலேயே பிடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கீட்டில் டியூனிங்குக்கு ஒதுக்கிய 10-ஐ வேறு எதற்கும் எடுக்காதீர்கள். வண்டியை உருளைகள் மேல் ஓட்டி வலுவை அளக்கும் ரோலிங் ரோடில் அகலப்பட்டை லாம்ப்டா சென்சார் வைத்துச் சோதித்தால், முழு ஆக்சிலேட்டரில் லாம்ப்டா (காற்று, பெட்ரோல் கலவையின் அளவு; ஒன்றுக்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.85 முதல் 0.88-க்குள் இருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், பிஸ்டன் உருகும். மேல்சுற்றில் மொத்த டைமிங் பல பழைய எஞ்சின்களில் 30 முதல் 36 டிகிரிக்குள் அமையும். வலு ஏறுவது நிற்கும் இடம்வரை முன்னேற்றி, அங்கிருந்து 2 டிகிரி பின்வாங்கி நிறுத்துங்கள். அச்சிட்ட தாளை நோட்டில் ஒட்டிவையுங்கள்.

முதல் 800 கிலோமீட்டர் சுற்றை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், இழுத்துத் திணற விடாதீர்கள். பழைய வகை கேஸ்கெட் என்றால் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வ் இடைவெளியையும் பாருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெளுத்த துணி வழியாக வடிகட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தால், மினுங்கும் துகள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கழற்றிய பழைய கார்புரேட்டர், மேனிஃபோல்டு, கேம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெய் தடவிப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். வண்டியை வாங்க வருபவர் முதலில் அவற்றைத்தான் கேட்பார்.